நவம்பர்ச் சோர்வுக்குச் செப்டெம்பரிலேயே ஆயத்தம்

வாசகர் கேள்வி - பதில்

கனடாவுக்கு வந்து இது ஆறாவது விண்டர். நவம்பர் பிறந்தால் பத்து மணித்தியாலம் படுத்தாலும் நித்திரை தீராது. சோறும் இனிப்பும்தான் கேட்கும். போன் அடித்தால் எடுக்க மனம் வராது. ஏப்ரலில் தானாகச் சரியாகிவிடும். வீட்டில் 'சோம்பல்' என்கிறார்கள். போன ஜனவரியில் வெளிச்சச் சிகிச்சை விளக்கொன்று வாங்கிப் பாவித்தேன். பத்து நாளில் சுகம் தெரிந்ததும் விட்டேன், திரும்ப விழுந்துவிட்டேன். இனி ஆயுளுக்கும் இதேதானா?
- வாசகி, ஸ்காபரோ

சோம்பலுக்கு மாதக் கணக்குத் தெரியாது. அடுத்தடுத்து இரண்டு வருடமாவது அதே பருவத்தில் வந்து, இளவேனிலில் முழுதாக விலகினால் அது பருவகால மனச்சோர்வு. 1984 இல் அமெரிக்காவில் மனநல வைத்தியர் நோர்மன் ரோசன்தாலும் அவரோடு வேலை செய்தவர்களும் பெயரிட்டு விவரித்த நோய் இது. மற்ற மனச்சோர்வில் பெரும்பாலும் பசியும் நித்திரையும் குறையும், இதில் இரண்டும் கூடும். ஆனாலும் தைரொயிட் குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு மூன்றும் இதே முகத்தோடு வரும். குடும்ப வைத்தியரிடம் சொல்லி முதலில் இரத்தம் சோதியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஆகக் குறுகிய பகலே பதினொன்றரை மணித்தியாலம். ரொறன்ரோவில் அது ஒன்பதுக்கும் சற்றுக் குறைவு. டிசெம்பர் 21 தாண்டினால் பகல் நீளும் என்று ஆறுதல் சொல்வார்கள். முதலில் நீள்வது மாலைப் பக்கம்தான். ஜனவரி முதல் வாரத்தில்தான் சூரியன் ஆகப் பிந்தி, காலை 7:50 அளவில் எழும்பும். உடலின் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுப்பதோ காலை வெளிச்சம். ஆகையால் பொங்கலுக்குப் பிறகும் தேறவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

உங்கள் விளக்கு வேலை செய்திருக்கிறது, நீங்கள்தான் முந்தி நிறுத்திவிட்டீர்கள். அது நோயை வேரோடு பிடுங்குவதில்லை, இல்லாத வெளிச்சத்தை நாளாந்தம் ஈடுசெய்கிறது. நிறுத்திச் சில நாளில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில், பழையபடி ஆகிவிடும். செப்டெம்பர் கடைசியில் விளக்கை அலுமாரியிலிருந்து எடுத்துத் தேநீர் குடிக்கும் மேசையில் வையுங்கள். அலாரத்தை இரண்டாம் முறை அமத்துகிற வாரமே தொடங்குங்கள், ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம். ஏப்ரல் வரை, சனி ஞாயிறும் சேர்த்து, எழும்பி ஒரு மணித்தியாலத்துக்குள் 20 முதல் 30 நிமிடம். சனிக்கிழமை பதினொரு மணிவரை படுத்தால் அந்தக் கிழமைச் சாவி கழன்ற மாதிரித்தான்.

ஆயுளுக்குமா என்றால், குறைக்க வழி உண்டு. வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் குழுவினர் 177 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு விளக்கும் மறுபாதிக்கு ஆறு வாரச் சிந்தனை - நடத்தைப் பயிற்சியும் கொடுத்தார்கள். முதல் விண்டரில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. இரண்டு விண்டர் கழிந்து பார்த்தால், திரும்ப விழுந்தவர்கள் விளக்குப் பக்கம் நூற்றுக்கு 46 பேர், பயிற்சிப் பக்கம் 27 பேர். 2016 இல் வெளியான முடிவு இது.

அந்தப் பயிற்சியில் மந்திரம் எதுவும் இல்லை. 'சினோ (பனி) விழுந்தால் என் வாழ்க்கை நின்றுவிடும்' என்ற வாக்கியத்தைப் பிடித்து, 'சினோ எனக்குப் பிடிக்காது, ஆனாலும் வியாழக்கிழமை பட்மின்டன் இருக்கிறது' என்று மாற்றப் பழக்குவார்கள். அந்த வியாழக்கிழமை உண்மையாகவே இருக்கவும் வேண்டும். ஒக்டோபரிலேயே காசு கட்டி, கூட வருபவருக்கு வாக்குக் கொடுத்துவிடுங்கள். 'மனம் வந்தால் போவேன்' என்று விட்டால் ஜனவரியில் மனம் வராது, நோயே அதுதான்.

இரண்டும் போதாதவர்களுக்கு மருந்து உண்டு. புப்ரோபியன் என்ற மாத்திரையை இந்தச் சோர்வு வருமுன் தடுக்கவென்றே அமெரிக்காவில் 2006 இல் அனுமதித்தார்கள். இலையுதிர் காலத்தில் தொடங்கி இளவேனிலில் நிறுத்துவது, வைத்தியர் கணக்கில். வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது.

உயிர் வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் விளக்கு, மாத்திரை என்று பார்த்திருக்காமல் அந்த நிமிடமே தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988 க்கு அழையுங்கள் அல்லது குறுஞ்செய்தி அனுப்புங்கள். கனடா முழுவதும் 24 மணித்தியாலமும் எடுப்பார்கள்.

என் விளக்குப் பெட்டியில் 10,000 லக்ஸ் (வெளிச்ச அளவு) என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. மூன்று வாரமாகியும் பலன் இல்லை.
- வாசகர், மார்க்கம்

அளவு நாடாவை எடுங்கள். பெட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் அந்த 10,000 எத்தனை சென்ரிமீற்றரில் என்று இருக்கும். கைபேசி அளவு விளக்குகளில் அது பெரும்பாலும் 15 செ.மீ. மூக்கு முட்டுகிற தூரம். நீங்கள் 60 செ.மீ. தள்ளி இருந்தால் கண்ணுக்கு வருவது ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு, 600 லக்ஸ் சொச்சம். கந்தோர் லைட் வெளிச்சம்தான் அது. 40 முதல் 60 செ.மீ. தூரத்திலும் 10,000 தரக்கூடிய, புற ஊதாக் கதிரை வடிகட்டிய அகலமான விளக்காக மாற்றுங்கள். கண் மட்டத்துக்குச் சற்று மேலே, நேர் எதிரே இல்லாமல் ஒருபக்கமாக வையுங்கள். அதையே உற்றுப் பார்க்க வேண்டாம், கண் திறந்திருந்தால் போதும். தலையிடித்தால் சற்றுத் தள்ளி இருங்கள் அல்லது நேரத்தைக் குறையுங்கள். மாலையில் பிடித்தால் நித்திரை கெடும்.

அப்பாவுக்கு 15 வருடமாகச் சலரோகம். அவரும் இதைப் பாவிக்கலாமா?
- வாசகி, அஜாக்ஸ்

கண் வைத்தியர் விழித்திரையைப் பார்த்த பிறகு. நம்மவர் வீடுகளில் விளக்கு ஒருவருக்கென்று வாங்கப்பட்டு எல்லோரிடமும் சுற்றும், அதனால் அழுத்திச் சொல்கிறோம். விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள், லிதியம் (மனநிலை மருந்து) அல்லது அமியோடரோன் (இதயத் துடிப்பு மருந்து) எடுப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. முன்பு எப்போதாவது நித்திரையே இல்லாமல், அளவு மீறிய உற்சாகத்தோடு சில நாள் இருந்தவர்களும் அப்படித்தான். வெளிச்சம் அந்த நிலையை மறுபடி கிளப்பிவிடலாம்.

விளக்குப் பிடித்தால் விற்றமின் டி மாத்திரையை நிறுத்தலாமா?
- வாசகர், பிரம்ரன்

கூடாது. விற்றமின் டி உண்டாக்குவது புற ஊதாக் கதிர், நல்ல விளக்கு அதை வடிகட்டிவிடும். யன்னல் கண்ணாடியும் அப்படியே. 70 வயது வரையான பெரியவர்களுக்குக் கனடாவில் சொல்லும் நாளளவு 600 அலகு. எலும்புக்கு அது தேவை. மனச்சோர்வையும் அதுவே மாற்றிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.