மனைவியோ கணவரோ வர மறுத்தால், தெரபிக்கு நான் மட்டும் தனியாகப் போவதில் பயன் உண்டா?

எங்கள் வீட்டில் வர மறுத்தது என் மனைவி. "பிரச்சினை உங்களுக்குத்தான், நீங்களே போய்ட்டு வாங்க" என்றாள். நானும் போனேன். திருந்தும் எண்ணமெல்லாம் அப்போது இல்லை. என் மேல் தப்பில்லை என்று விஷயம் தெரிந்த ஒருவர் வாயால் கேட்டுவிட்டு வரலாம், அவ்வளவுதான். அந்த வாக்கியம் கடைசி வரை கிடைக்கவில்லை. ஆனாலும் உங்கள் கேள்விக்கு என் பதில், உண்டு என்பதுதான். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பார்த்த தெரபிஸ்ட் மிகவும் இனிமையானவர். நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். நான்கு செஷன் முடிந்தபோது சண்டைக்கு எனக்குப் புதிய பாயிண்டுகள் சேர்ந்திருந்தன. ஒரு நாள் "நீ என் எல்லைகளை மதிப்பதில்லை" என்றேன். "காசு கொடுத்துப் புதுசா திட்டக் கத்துக்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். தனியாகப் போவதில் இருக்கிற பெரிய ஆபத்து இது. அந்த அறையில் ஒரு தரப்புதான் பேசுகிறது. அங்கே இல்லாத ஆளை நாமே வரைந்து காட்டுகிறோம். பெரும்பாலும் மூக்கைக் கொஞ்சம் நீட்டித்தான் வரைவோம். பார்த்தே இராத உங்கள் துணையைப் பற்றி இரண்டாவது செஷனிலேயே தீர்ப்புச் சொல்கிறவர் என்றால், ஆளை மாற்றிவிடுங்கள்.

இரண்டாவதாகப் பார்த்தவர் வேறு மாதிரி. வாரம் ஒரு முறை, 50 நிமிடம். மூன்றாவது வாரம் ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பன் ஒருவனுக்குக் கடன் கொடுத்ததை வீட்டில் சொல்லாமல் விட்டதால் வந்த சண்டை. "அவள் கத்த ஆரம்பித்தாள்" என்று தொடங்கினேன்.

"அதற்குச் சற்று முன்னால்?"

"நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"அதற்கு முன்னால்?"

"ஏன் சொல்லலை என்று மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவைதான் போனை எடுத்தேன்."

"போனில் என்ன பார்த்தீர்கள்?"

யோசித்தேன். எதுவும் பார்க்கவில்லை. திரையைக்கூடத் திறக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானேதான் பேசிக்கொண்டு போனேன். சின்ன வயதில் அப்பாவின் குரல் ஏறும்போதெல்லாம் பாடப் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். ஒரு வரியும் படிக்க மாட்டேன், பக்கத்தையும் திருப்ப மாட்டேன். சத்தம் ஓயும்வரை அப்படியே இருப்பேன். புத்தகம் இருந்த இடத்தில் இப்போது போன் இருக்கிறது. என் மனைவிக்கு அந்தப் பையனைத் தெரியாது. அவள் பார்ப்பது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத ஒரு மனிதனை. அதனால் குரலை இன்னும் உயர்த்துகிறாள். குரல் உயர்ந்தால் நான் இன்னும் உள்ளே போகிறேன். எட்டு வருடமாக இதே சுற்று.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் குழந்தைக்கும் தாய்க்கும் இடையிலான பிணைப்பை ஆராய்ந்தார். 1987-இல் சின்டி ஹேசன், பிலிப் ஷேவர் என்ற உளவியலாளர்கள் இருவர், பெரியவர்களின் காதல் உறவையும் அதே கண்ணோடு பார்க்கலாம் என்று எழுதினார்கள். பிரிவு பயம் வந்தால் சிலர் துரத்திப் பிடிப்பார்கள், சிலர் ஒதுங்கிக்கொள்வார்கள். ஒதுங்குகிறவருக்கு ஒரு துரத்துகிறவர் வாய்த்தால், எங்கள் வீடு. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு மணி நேரம் போதும். என் தாடை இறுகுகிற அந்த நொடியிலேயே அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

அப்புறம் இன்னொன்று. தம்பதியாகச் சேர்ந்து போயிருந்தால் இது இந்த அளவுக்கு நடந்திருக்குமா என்று தெரியவில்லை. ஒரு முறை தெரபிஸ்ட் மூன்று வாரம் விடுமுறை என்றார். "சரி, பரவாயில்லை" என்றேன். அவர் திரும்பி வந்த பிறகு இரண்டு செஷன் முழுக்க அலுவலகக் கதையே பேசினேன். "நான் லீவு என்று சொன்ன நாளிலிருந்து நீங்கள் என்னிடமும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார். என் கையில் போன் இல்லை. ஆனாலும் என்ன சொல்கிறார் என்று புரிந்தது, காது சூடாகிவிட்டது. பழைய உறவில் பழகியதை எதிரே இருப்பவர் மேலேயே காட்டுவதற்கு உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் காலத்திலிருந்தே டிரான்ஸ்ஃபரன்ஸ் என்று பெயர். வீட்டில் நடப்பதை நாம் சொல்லித்தான் தெரபிஸ்டுக்குத் தெரியும். இது அவர் கண் முன்னாலேயே நடந்துவிடுகிறது. அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் முறையாக "நீங்கள் போனது எனக்குக் கோபம்" என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரமும் அதே நாற்காலியில் இருந்தார்.

வீட்டில் செய்யக் கிடைத்த வேலை மிகச் சின்னது. ஜான் காட்மன் தம்பதிகளின் சண்டையை ஆய்வுக்கூடத்தில் வைத்துக் கவனித்தவர். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் சொல்வது தலையில் ஏறாது, உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறார். எனவே எழுந்து போகலாம், ஆனால் சொல்லாமல் போகக் கூடாது. "இருபது நிமிஷம் கொடு, வந்து பேசுகிறேன்." சொன்னால் திரும்பி வந்தாக வேண்டும்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை, முதலில் நிலைமை மோசமானது. நான் நின்று கேட்க ஆரம்பித்ததும், எட்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவள் எடுத்துக் கொட்டினாள். இரண்டு மாதம் ஓயவில்லை. தெரபியை நிறுத்திவிடலாம் என்று நான் நினைத்தது அப்போதுதான்.

எத்தனை நாள் ஆகும் என்பது முறையைப் பொறுத்தது. 1970-களில் ஜெரால்ட் கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் மனச்சோர்வுக்காக உருவாக்கிய ஐபிடி (இன்டர்பெர்சனல் சைக்கோதெரபி, உறவுகளை மையமாக வைத்துப் பேசும் சிகிச்சை) என்ற முறை பொதுவாக 12 முதல் 16 வாரத்தில் முடிகிறது. நெருங்கியவர்களோடு வரும் பிணக்கு அதில் நேரடியாக எடுத்துக்கொள்ளும் விஷயங்களில் ஒன்று. எனக்கு ஒன்றே கால் வருடம் ஆனது. பின்னால் உங்கள் துணை சம்மதித்து இருவரும் சேர்ந்து போவதாக இருந்தால், வேறு தெரபிஸ்டிடம் போங்கள். உங்கள் கதையை ஒரு வருடம் கேட்டவர் எதிரே வந்து உட்கார யாருக்குத்தான் மனம் வரும்?

அடி, மிரட்டல், பயம் உள்ள வீடு என்றால் நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே உங்கள் பங்கைத் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். தனியாகவே போங்கள், முதல் செஷனிலேயே அதைச் சொல்லுங்கள், பாதுகாப்பைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

என் மனைவி இன்றுவரை வரவில்லை. சண்டையும் நிற்கவில்லை. போன வாரம்கூட இருபது நிமிடம் கேட்டுவிட்டு அறைக்குள் போனேன். நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. கதவைத் தட்டி, சுவர்க் கடிகாரத்தையே கழற்றிக் கொண்டுவந்து காட்டினாள்.