தம்பியின் பயிருக்கு உங்கள் சம்பளத்தில் கடன் எதற்கு?

கேள்வி: அம்பத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவு மேலாளராக இருக்கிறேன். வருமான வரி கட்டுகிறேன். செய்யாறு பக்கம் அப்பா விட்டுச்சென்ற 2 ஏக்கர் நன்செய்க்கு, மூத்தவன் என்பதால் பட்டா என் பெயரில், பயிரிடுவது தம்பி. விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகை இதுவரை 15 தவணை என் கணக்குக்கு வந்திருக்கிறது. பயனாளிகள் பட்டியலில் என் பெயரைப் பார்த்த பங்காளி ஒருவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். இன்னொன்று: ‘மானியம் வந்ததும் தருகிறேன்’ என்று தம்பி கேட்கும்போதெல்லாம் தனிநபர் கடன் வாங்கிக் கொடுத்து, பாக்கி 4.2 லட்சம், வட்டி 16 சதவீதம் என்று நிற்கிறது. தவணையில் விவசாய நிலம் வாங்கும் பண்ணை நிலத் திட்டம் ஒன்றில் மாதாமாதம் கட்டினால் மீளலாமா?

பதில்: பங்காளி மேல் கோபப்படாதீர்கள். பி.எம். கிசான் இணையதளத்தில் கிராமத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பட்டியலை யாரும் பார்க்கலாம். மானியம் பெறுவோர் விவரத்தை அரசு தானே வெளியிட வேண்டும் என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது. 2020இல் இதே திட்டத்தில் தகுதியில்லாத லட்சக்கணக்கானோர் தமிழ்நாட்டில் சேர்க்கப்பட்டு, சிபிசிஐடி விசாரணை வரை போனது நினைவிருக்கும். ஊர் கண் முன்னே பட்டியல் இருப்பது உழுகிறவருக்குப் பாதுகாப்பு. வரி கட்டுபவருக்கு இந்தப் பணம் கிடையாது. 15 தவணை, தலா 2,000, ஆக 30,000 ரூபாய். திருப்பிச் செலுத்தவும் திட்டத்திலிருந்து விலகவும் அந்த இணையதளத்திலேயே வழி இருக்கிறது. இந்த வாரமே செய்யுங்கள்.

எனக்குக் கவலை தருவது அந்த 30,000 அல்ல. 4.2 லட்சத்துக்கு 16 சதவீதம் என்றால் ஆண்டு வட்டி மட்டும் சுமார் 67,000. பி.எம். கிசான் ஆண்டுக்கு 6,000. பதினோரு ஆண்டு உதவித்தொகை ஓர் ஆண்டு வட்டிக்குப் போகிறது! தம்பி சொல்லும் மானியமும் உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் வாங்கிய கடனை அடைக்காது. பல இயந்திரத் திட்டங்களில் முழு விலையையும் முதலில் கட்டியவருக்கே, அதில் ஒரு பகுதி பின்னால் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வராத பணத்தை நம்பி நகரத்துச் சம்பளத்தைப் பிணையாக வைக்கும் இந்தப் பழக்கம்தான் உங்களை அரிக்கிறது.

தம்பி ஏன் உங்களிடம் வருகிறார்? பட்டா அவர் பெயரில் இல்லை. அதனால் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் அவருக்கு எட்டாமல் இருக்கிறது. உரிய காலத்தில் திருப்பிக் கட்டினால் தமிழ்நாட்டில் அந்தக் கடனுக்கு வட்டியே இல்லை. வங்கியில் வாங்கினாலும், 3 லட்சம் வரையிலான பயிர்க்கடனை நாள் தவறாமல் அடைத்தால் 4 சதவீதம்தான். வட்டியில்லாக் கடன் ஊரிலேயே இருக்க, அண்ணன் 16 சதவீதத்துக்கு வாங்கித் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்பா உயில் எழுதவில்லை என்றால் அம்மாவுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அந்த நிலத்தில் பங்கு உண்டு. எல்லோரும் உட்கார்ந்து பேசி, பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்து, தம்பி பாகத்துக்குப் பட்டாவை மாற்றிக் கொடுங்கள். பி.எம். கிசான் கிடைக்கும் என்று எண்ணி இதைச் செய்ய வேண்டாம்; 1.2.2019க்குப் பிறகு நிலம் கைமாறியிருந்தால், இறந்தவரின் வாரிசு தவிர மற்றவர்களைச் சேர்ப்பதில்லை. பயிர்க்கடனுக்காகச் செய்யுங்கள்.

பண்ணை நிலத் திட்டம் வேண்டவே வேண்டாம். விவசாய வருமானத்துக்கு வரியில்லை என்று சொல்லித்தான் விற்பார்கள். அந்த வருமானம் முதலில் வர வேண்டாமா? சொந்த 2 ஏக்கரின் கணக்கே நேராகவில்லை. அந்தத் தவணைப் பணத்தை மாதாமாதம் கடன் அசலில் கட்டுங்கள். வங்கி முன்கூட்டிக் கட்டக் கட்டணம் கேட்டால், மிச்சமாகும் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தம்பி கேட்டால் இனிக் கடன் வாங்கித் தர மாட்டேன் என்று நேரிலேயே சொல்லுங்கள், தொலைபேசியில் வேண்டாம். பட்டா மாறியதும், கூட்டுறவுச் சங்கத்தில் அவர் மனுக் கொடுக்கும் நாளில் ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போங்கள்.