தார்க்குச்சி

கேள்வி: பிராணிகள் உரிமை என்பதெல்லாம் இப்போது வந்த ஃபேஷன்தானே? நம் தாத்தாக்கள் மாட்டை அடித்துத்தான் வண்டி ஓட்டினார்கள். என்ன கெட்டுப்போயிற்று?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வண்டி என்று சொல்லிவிட்டீர்கள். சரி, வண்டியிலிருந்தே வருகிறேன். என் தாத்தா பினாங்குக் கிட்டங்கிகளிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிய வண்டிக்காரர். சாயங்காலம் மாட்டை அவிழ்த்ததும், நுகத்தடி உரசிச் சிவந்த கழுத்தில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துத் தடவுவார். அப்புறம்தான் அவருக்குச் சோறு. தார்க்குச்சியை, அந்த ஆணி வைத்த கம்பை, அவர் தொட்டதில்லை. மற்ற வண்டிக்காரர்கள் வைத்திருந்தார்கள். அவர்களுடைய மாடுகளின் பின்தொடையைச் சிறுவனாக நானே பார்த்திருக்கிறேன். ஆறாத புண்கள், ஈ மொய்க்கும். கெட்டுப்போனது அங்கேதான் ஐயா.

இருநூறு வருடமாக இருப்பதற்குப் பெயர் ஃபேஷனா? அயர்லாந்துக்காரர் ரிச்சர்ட் மார்ட்டின் 1822-லேயே மாடு, குதிரைகளை வதைப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற வைத்தார். 1824-இல் லண்டன் காப்பிக்கடை ஒன்றில் கூடி வதைத் தடுப்புச் சங்கம் தொடங்கினார்கள். முதல் செயலாளர் ஆர்தர் புரூம் சங்கத்தின் கடனுக்காகச் சிறைக்கே போனார். அடுத்து வந்த லூயிஸ் கோம்பெர்ட்ஸ்தான் எனக்கு மிகவும் பிடித்தவர். பாலும் முட்டையும் தொட மாட்டார். குதிரை வண்டியில் ஏற மாட்டார், அந்தக் காலத்து லண்டனில்! அவர் யூதர். இது கிறிஸ்தவச் சங்கம் என்று தீர்மானம் போட்டார்கள், அவர் விலக வேண்டியதாயிற்று. படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நம் ஊர்ச் சங்கங்களும் உழைக்கிறவரை இப்படித்தான் ஓரங்கட்டுகின்றன என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி வசவும் வாங்கியிருக்கிறேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

வெள்ளைக்காரர் சமாசாரம் என்று தள்ளவும் முடியாது. நம் ருக்மிணி தேவி அருண்டேல் 1953-இல் இந்திய மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதால்தான் அங்கே 1960-இல் சட்டம் வந்தது. இங்கே மலேசியாவில் 1953-ஆம் வருடச் சட்டப்படி வெகுகாலம் அபராதம் 200 வெள்ளிதான் (ரிங்கிட்). 2015-ஆம் வருடச் சட்டத்தில் குறைந்தபட்சமே 20,000 வெள்ளி, சிறை 3 ஆண்டு வரை.

போன மாதம் பக்கத்து வீட்டுச் சிறுமி வந்தாள். பட்டறை நாய் ஒன்று முழ நீளச் சங்கிலியில் வெயிலில் கிடக்கிறதாம், கடிதம் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். நாய்க்கு இப்போது நிழல் கிடைத்துவிட்டது. சங்கிலி இன்னும் அதே முழம்தான். அதற்கு அடுத்த கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.