நாப்தா கிராக்கருக்கு ஈத்தேன்: கேள்வி பதில்

கேள்வி: நாப்தாவை விட்டு ஈத்தேனுக்கு மாறுவதில் அப்படி என்ன ஆதாயம்?

கிராக்கர் என்பது, நாப்தா (கச்சா எண்ணெயிலிருந்து வரும் லேசான திரவம்), ஈத்தேன் (இயற்கை எரிவாயுவிலிருந்து பிரிக்கும் வாயு) போன்றவற்றை ஃபர்னஸின் கடுஞ்சூட்டில் உடைத்து, பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான எத்திலீனை எடுக்கும் ஆலை. 100 டன் நாப்தாவிலிருந்து ஏறக்குறைய 30 டன் எத்திலீன்தான் கிடைக்கும்; ஈத்தேனோ, உடையாமல் எஞ்சுவதை மீண்டும் ஃபர்னஸுக்கே அனுப்பினால், 80 டன் வரை தரும். அமெரிக்காவின் ஷேல் பாறை எரிவாயு வயல்களில் ஈத்தேன் மலிந்தபோது, ரிலையன்ஸ் நிறுவனம் தென்கொரியாவில் ஆறு பெருங்கப்பல்களைக் கட்டுவித்து, 2017இல் குஜராத்தின் தகேஜில் அதை இறக்கியது இந்தக் கணக்கை நம்பித்தான்.

கேள்வி: ஃபர்னஸுக்குள் ஓடும் காயில் குழாய்களை மாற்றினால் போதாதா?

போதாது. என் அனுபவத்தில், ஃபர்னஸ்தான் சொன்னபடி கேட்கும் பகுதி. தொல்லை அதற்கு அடுத்த கோபுரத்தில் தொடங்குகிறது. நாப்தா ஆலையில், ஃபர்னஸிலிருந்து சூடாக வரும் வாயுவின்மீது குவென்ச் ஆயிலைப் பீய்ச்சிக் குளிர்விக்கிறோம். அந்த எண்ணெயே நாப்தா உடையும்போது உண்டாகும் கனமான பகுதிதான். ஈத்தேன் அதை மிகச் சொற்பமாகவே தருவதால், சுழற்சியிலுள்ள எண்ணெய், அடுப்பில் மறந்துவிட்ட குழம்பைப்போல வற்றிச் சுண்டி, வடிகட்டிகளை அடைத்துவிடுகிறது. ஆகவே சில ஃபர்னஸ்களையாவது நாப்தாவில் ஓட்ட வேண்டும், அல்லது வெளியிலிருந்து எண்ணெய் சேர்க்க வேண்டும். குவென்ச் ஆயிலின் சூட்டில் உண்டான நீராவி குறைவதால், பாய்லரின் சுமையும் கூடும்.

அடுத்தது, குளிர்ந்த வாயுவை அழுத்தும் கம்ப்ரசர். ஈத்தேனிலிருந்து வரும் வாயுவில் ஹைட்ரஜன் மிகுதி. வாயு லேசானால், பழைய வேகத்தில் சுழலும் கம்ப்ரசரால் பழைய அழுத்தத்தை எட்ட முடியாது என்பதால், பல இடங்களில் அதன் சுழலும் பகுதியான ரோட்டரையே மாற்ற நேர்கிறது. எத்திலீனோடு உண்டாகும் இன்னொரு மூலப்பொருளான புரோப்பிலீனைப் பிரிக்கும் கோபுரத்திலோ நிலைமை வேறு: புரோப்பிலீன் குறைவதால் மேலே எழும் ஆவியும் குறைந்து, தட்டுகளின் துளைகள் வழியே திரவம் ஒழுக, பிரிப்பே கெட்டுவிடும்.

கேள்வி: ஈத்தேன் சுத்தமான வாயுவாயிற்றே, குழாய்களில் கரி படியாதல்லவா?

படியும். காயில் உலோகத்திலுள்ள நிக்கலும் இரும்பும் கரி வளரத் தூண்டுகின்றன. நாப்தாவில் இயல்பாகவே உள்ள கந்தகம் அதைத் தடுக்கிறது. ஈத்தேனில் கந்தகம் அநேகமாக இல்லாததால், கடுநாற்றமுள்ள கந்தகச் சேர்மமான டைமெத்தில் டைசல்ஃபைடைச் சிறிதளவு கலக்கிறோம். (அந்தப் பம்பருகே அரைமணி நேரம் நின்றவரை வீட்டில் வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள்.)

கேள்வி: புரோப்பிலீன் வாங்கும் பக்கத்து ஆலைகள் என்ன செய்யும்?

நாப்தாவில் எத்திலீனின் பாதியளவுக்குப் புரோப்பிலீன் கிடைக்கும். 100 டன் ஈத்தேனில் இரண்டு மூன்று டன் தேறினால் உண்டு. செயற்கை ரப்பருக்கான பியூட்டாடையீனும் அவ்வாறே சுருங்கும். புரோப்பேனிலிருந்து ஹைட்ரஜனை நீக்கிப் புரோப்பிலீன் செய்யும் தனி ஆலையோ, சுத்திகரிப்பு ஆலையின் புரோப்பிலீன் வரத்தோ கைவசம் இல்லாத இடத்தில் முழுமையாக மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.