வாசகர் கேள்விகள்: காபியும் ஆய்வுகளும்

கேள்வி: காபி இதயத்துக்கு நல்லது என்று ஒரு செய்தி வருகிறது. அடுத்த மாதமே அது உடலுக்குக் கெடுதல் என்று இன்னொரு செய்தி வருகிறது. எனக்கு வயது 58. நாளொன்றுக்கு மூன்று கோப்பை குடிக்கிறேன். நான் எதை நம்புவது? ஆய்வாளர்களுக்கே இதில் தெளிவு இல்லையா?

பதில்: உங்கள் சலிப்பு நியாயமானது. ஆனால் இந்தக் குழப்பத்தில் பெரும்பங்கு, ஆய்வில் யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதைச் செய்திகள் சொல்லாமல் விடுவதால் வருவது. பழைய நிகழ்வு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1981ஆம் ஆண்டில் ஹார்வர்டைச் சேர்ந்த பிரையன் மக்மஹோன் குழுவினர், காபி குடிப்பவர்களுக்குக் கணையப் புற்றுநோய் அதிகம் வருவதாக ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உலகெங்கும் பலர் பயந்துபோனார்கள். கணையப் புற்றுநோய் வந்தவர்களையும், அதே மருத்துவமனைகளில் வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்தவர்களையும் சந்தித்து, நோய்க்கு முன் எவ்வளவு காபி குடித்தீர்கள் என்று கேட்டு ஒப்பிட்டிருந்தார்கள். அந்த இரண்டாவது கூட்டத்தில் வயிறு, குடல் சார்ந்த கோளாறுகள் உள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். வயிறு எரிகிறவர் முதலில் எதைக் குறைப்பார்? காபியைத்தான். ஆகவே புற்றுநோயாளிகள் அதிகம் குடித்தவர்களாகத் தெரிந்ததற்கு, அவர்களோடு ஒப்பிடப்பட்டவர்கள் வழக்கத்தைவிடக் குறைவாகக் குடித்ததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். சில ஆண்டுகள் கழித்து அதே குழுவினர் மீண்டும் ஆராய்ந்தபோது, முன்பு கண்ட அந்த வலுவான தொடர்பு தென்படவில்லை. முதல் செய்தி பரவிய வேகத்தில் இந்த இரண்டாவது செய்தி பரவவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

அடுத்த சிக்கல் புகைபிடித்தல். 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 50 முதல் 71 வயது வரையிலான சுமார் 4 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. வயதை மட்டும் கணக்கில் கொண்டு பார்த்தபோது, காபி குடிப்பவர்களே அதிகம் இறந்திருந்தார்கள். ஆனால் காபி அதிகம் குடித்தவர்களில் புகைபிடிப்பவர்களும் அதிகம். புகைபிடித்தலையும் மற்றப் பழக்கங்களையும் கணக்கில் சேர்த்ததும் முடிவு தலைகீழானது. நாளுக்கு ஆறு கோப்பையோ அதற்கு மேலோ குடித்த ஆண்களிடம் இறப்பு அபாயம் சுமார் 10 சதவீதமும் பெண்களிடம் சுமார் 15 சதவீதமும் குறைந்து காணப்பட்டது. காஃபின் நீக்கிய காபி குடித்தவர்களிடமும் ஏறத்தாழ இதே போக்குதான். எனவே, இதில் காபியின் பங்கு ஏதேனும் இருந்தால், அது காஃபினால் மட்டும் வந்ததாக இருக்க முடியாது.

அதற்காகக் காபி ஆயுளைக் கூட்டுகிறது என்று நான் எழுதமாட்டேன். உடல்நலம் குன்றியவர்கள் தாமாகவே காபியை விட்டுவிடுவது உண்டு; அவர்கள் 'குடிக்காதவர்கள்' பட்டியலில் போய்ச் சேர்ந்துவிட்டால், குடிப்பவர்கள் கூடுதல் ஆரோக்கியமாகத் தோன்றத்தான் செய்வார்கள். கவனித்துப் பதிவுசெய்யும் ஆய்வுகளால் இந்த ஐயத்தை முழுமையாக நீக்க முடியாது.

அதனால்தான் 2023இல் வெளிவந்த சிறிய ஆய்வு ஒன்றைப் பெரிதும் மதிக்கிறேன். அமெரிக்க ஆய்வாளர்கள் 100 பேரைத் தேர்ந்தெடுத்து, மார்பில் இதயத்துடிப்பைப் பதியும் ஒட்டுப்பட்டையையும் கையில் நடையையும் உறக்கத்தையும் அளக்கும் பட்டையையும் அணிவித்தார்கள். 14 நாட்களுக்கு, 'காபி குடியுங்கள்' என்றோ 'இன்று குடிக்க வேண்டாம்' என்றோ அவர்களுடைய கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். எந்த நாளில் எந்தச் செய்தி என்பதைக் குலுக்கல் முறையே முடிவு செய்தது. ஒரே மனிதரின் காபி நாளை, அவருடைய காபி இல்லாத நாளோடு ஒப்பிட்டதால் புகைபிடித்தல், வயது, வருமானம் ஆகியவை குறுக்கே வர வழியில்லை. இதயத்தின் மேலறைகளில் எழும் கூடுதல் துடிப்புகள் குறிப்பிடத்தக்க அளவில் அதிகரிக்கவில்லை. கீழறைகளில் எழுபவை நாளுக்குச் சராசரியாக 102 என்பதிலிருந்து 154 ஆக உயர்ந்தன. காபி நாட்களில் அவர்கள் சுமார் 1,000 அடிகள் கூடுதலாக நடந்தார்கள். 36 நிமிடங்கள் குறைவாக உறங்கினார்கள். நல்லதும் கெட்டதும் ஒரே மனிதரிடம், ஒரே நாளில் நிகழ்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் படித்ததில்லை.

புற்றுநோய் அச்சத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1991இல் காபியைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடிய பொருள் என்று வகைப்படுத்தியிருந்தது. 2016இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்தபின் காபியை அந்தப் பட்டியலிலிருந்து விலக்கியது. ஆனால் 65 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று அப்போது அறிவித்தது. அடுப்பிலிருந்து இறக்கியதும் நாக்கைச் சுடச்சுடக் குடிக்கிறவர்கள் சில நிமிடங்கள் பொறுத்துக் குடிப்பது நல்லது.

உங்களைப் பொறுத்தவரை, உறக்கம் கெடாமலும் படபடப்பு இல்லாமலும் இருந்தால் மூன்று கோப்பையைக் குறைக்கக் காரணமில்லை. இதுவரை காபி குடிக்காதவர், இந்த ஆய்வுகளைப் படித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவும் காரணமில்லை.

கேள்வி: எனக்குக் கெட்ட கொழுப்பு கூடுதலாக இருக்கிறது. காபி தயாரிக்கும் முறைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். காபிக் கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால், கஹ்வியோல் என்ற இரண்டு பொருட்கள் உள்ளன. கெட்ட கொழுப்பை உயர்த்துவது இவைதான். காஃபினுக்கு அதில் பங்கில்லை. காபித்தூளை நீரிலிட்டுக் கொதிக்கவைத்தோ, ஊறவைத்து உலோகச் சல்லடையால் அழுத்தியோ எடுத்த காபியைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். மேற்பரப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் மினுங்குவது தெரியும். அந்தப் பொருட்கள் இந்த எண்ணெயோடுதான் கோப்பைக்குள் வருகின்றன. காகித வடிகட்டி அவற்றில் பெரும்பகுதியைத் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது. நார்வேயில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்விலும், வடிகட்டாத காபியைவிட வடிகட்டிய காபி குடித்தவர்களிடம் இறப்பு குறைவாகவே இருந்தது. உடனடிக் காபித்தூளில் இந்தப் பொருட்கள் மிகக் குறைவு. காகித வடிகட்டிக்கு மாறிச் சில வாரங்கள் கழித்து இரத்தப் பரிசோதனை செய்துபாருங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: மாலையில் காபி குடித்தாலும் படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன். என்னைப் போன்றவர்களுக்குக் கட்டுப்பாடு தேவையா?

பதில்: தூக்கம் வருவது வேறு, தூக்கம் நிறைவாக இருப்பது வேறு. உடலில் சேர்ந்த காஃபினில் பாதி வெளியேறவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. 400 மில்லிகிராம் காஃபினைப் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்துக்கொண்டால்கூட ஒரு மணி நேரத்துக்கும் மேல் உறக்கம் குறைவதை 2013ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு கருவி வைத்து அளந்தது. பங்கேற்றவர்கள் தாமே எழுதிய குறிப்புகளில் அந்த இழப்பு சரியாகப் பதிவாகவில்லை. எனவே இரண்டு வாரம் மதியத்துக்குப் பின் குடிக்காமல் இருந்து, காலையில் எழும்போது உடல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

கருவுற்றிருக்கும் வாசகியருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் காஃபின் வெளியேற மிக நீண்ட நேரம் பிடிக்கும். அது நஞ்சுக்கொடி வழியே குழந்தையையும் சென்றடையும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் பொதுவாகப் பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரையும், கருவுற்றவர்களுக்கு 200 மில்லிகிராம் வரையும் கவலைக்குரியதல்ல என்று வரையறுத்தது. தேநீர், சாக்லேட், குளிர்பானம் வழியாக வரும் காஃபினும் இந்தக் கணக்கில் சேரும்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கலாமா?

பதில்: வேண்டாம். காபி இரும்பை உடல் ஈர்த்துக்கொள்வதைத் தடுக்கிறது. 1983ஆம் ஆண்டின் ஆய்வில் உணவோடு குடித்த ஒரு கோப்பை காபி இரும்பு ஈர்ப்பை 39 சதவீதம் குறைத்தது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்தபோது பாதிப்பில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ உணவோடு குடித்த அதே அளவு தடை இருந்தது. தைராய்டு மாத்திரைக்கும் காபி ஆகாது. அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பொறுத்தபின் காபி குடியுங்கள்.