மூட்டைக் கணக்கு வரியில் கம்பைலர் ஏன் நிற்கிறது?

கேள்வி: திருவையாறு பக்கம் எங்கள் வயல். கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல்லுக்காக, அப்பாவுக்கு ரஸ்ட் மொழியில் ஒரு மூட்டைக் கணக்கு எழுதுகிறேன். தட்டச்சு செய்ததை ‘பார்ஸ்’ மூலம் எண்ணாக்கித் திரையில் காட்டுகிறேன். அங்கே ‘டைப் அனோடேஷன்ஸ் நீடட்’, அதாவது மதிப்பின் வகையை (டைப்) எழுத வேண்டும் என்று பிழை வருகிறது. மற்ற இடங்களில் வகை எழுதாமலே புரிந்துகொள்கிறதே, இங்கு மட்டும் ஏன்?

பதில்: வகை எழுதாத இடத்தில் கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் மென்பொருள்) குத்துமதிப்பாக எதையும் போடுவதில்லை. ஒரு வெற்றிடம் விட்டு, மற்ற வரிகளை வைத்து நிரப்புகிறது.

கையால் செய்து பாருங்கள். ‘மூட்டைகள்’ என்று ஒரு காலி வெக்டர் (நீளக்கூடிய பட்டியல்). உள்ளே என்ன வகை? தெரியாது, ‘அ’ என்று வையுங்கள். பத்து வரி தள்ளி யூ32 (எதிர்மறை இல்லாத முழு எண் வகை) எண் ஒன்றை அதில் புஷ் செய்கிறீர்கள், அதாவது பட்டியலின் கடைசியில் சேர்க்கிறீர்கள். புஷ் வாங்குவது ‘அ’, வந்தது யூ32. ஆக, அ = யூ32. பள்ளிக்கூட இயற்கணிதம்தான். இதற்கு யூனிஃபிகேஷன் என்று பெயர். தேற்றங்களை இயந்திரம் நிறுவுவதற்காக ஜான் ராபின்சன் 1965-இல் தந்த முறை. அதை வைத்து எம்எல் என்ற நிரல்மொழிக்கு வகை கண்டறியும் வழியை ராபின் மில்னர் 1978-இல் வெளியிட்டார். வாய்க்கால் தண்ணீர் தலைமடையிலிருந்து கடைமடைக்குத்தான் போகும். வகைத் தகவலோ கீழ் வரியிலிருந்து மேலேயும் ஏறும்.

சரி, உங்கள் வரிக்கு வருவோம். பார்ஸ் தருவதை ‘ஆ’ என்போம். அது முழு எண்ணாகலாம், தசமமாகலாம், பூலாகக்கூட (உண்மை அல்லது பொய்) ஆகலாம். திரையில் காட்டும் வரி இவை எல்லாவற்றையும் ஏற்கும். அதனால் ‘ஆ’வைப் பிடித்துக் கட்ட ஒரு சமன்பாடும் கிடைப்பதில்லை. வெறும் 40 என்று எழுதியிருந்தால், வேறு துப்பு இல்லாதபோது ஐ32 (எதிர்மறையும் ஏற்கும் முழு எண் வகை) என்று எடுத்துக்கொள்ளும். பார்ஸுக்கு அப்படி ஒரு விதி கிடையாது, இருக்கவும் கூடாது என்பேன். அப்பா 12.5 என்று அடித்தால் யூ32 மறுக்கும், எஃப்64 (தசம எண் வகை) ஏற்கும். எது சரி என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மூட்டை எண்ணிக்கைதானே? பெயருக்குப் பின் முக்காற்புள்ளி வைத்து யூ32 என்று எழுதுங்கள், போதும். யூ32 வாங்கும் ஃபங்ஷன் ஒன்றுக்கு அதை அனுப்பினாலும் பிழை போய்விடும்.

அப்புறம் ஒன்று. பெயருக்குப் பின் புள்ளி வைத்து மெத்தடைக் (அந்த வகைக்கே உரிய ஃபங்ஷன்) கூப்பிட்டால், அந்த இடத்திலேயே வகை தெரிந்திருக்க வேண்டும். கீழே வரப்போகும் வரிக்காக ரஸ்ட் காத்திருக்காது. வகை பொருந்தவில்லை என்று பிழை வந்தால், அது காட்டும் வரியை மட்டும் திருத்தாதீர்கள். முதல் புஷ்ஷில் தவறாக எஃப்64 போட்டிருந்தால், சரியாக யூ32 போட்ட இரண்டாவது புஷ்தான் மாட்டிக்கொள்ளும்.