வாசகர் கேள்வி – பதில்: மதகின் மேல் வந்த கோபம்

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதற்கு மழை மட்டும் காரணமில்லை, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட விதமும்தான் என்று போன இதழில் நான் எழுதிய நாலு வரிப் பதிலுக்கு மூட்டையாகக் கடிதங்கள். இந்த வாரம் அவை மட்டும்தான். சினிமா கேள்வி கேட்டவர்கள் மன்னிக்கவும்.

2015 டிசம்பர் வெள்ளத்தை இன்னும் ஏன் கிளறுகிறீர்கள்? நூறு வருஷத்தில் காணாத மழை. எந்த அரசு இருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்?
– ஒரு வாசகர், அண்ணா நகர்

மழை பேய்மழைதான். டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர். அதற்காக யாரையும் திட்டினால் அது அநியாயம்.

என் கோபம் மேகத்தின் மேல் இல்லை, மதகின் மேல். டிசம்பர் 1 காலையில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு ஆயிரம் கன அடிக்கும் குறைவாகத்தான் உபரி நீர் போனது. பொழுது சாய்வதற்குள் அது 29,000 கன அடி ஆகிவிட்டது. இதைச் சொன்னால் ‘எதிர்க்கட்சி மாதிரிப் பேசாதே’ என்பார்கள். சரி, மத்திய தணிக்கை அதிகாரியின் அறிக்கையைப் படியுங்கள். 21 மணி நேரம் தொடர்ந்து 29,000 கன அடி திறந்துவிட்டதைக் குறை சொல்லி, இது மனிதர்களால் விளைந்த பேரிடர் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அறிக்கை சட்டசபைக்கு வந்தது 2018 ஜூலையில். அதற்குள் நாங்கள் சுவருக்கு மூன்று முறை சுண்ணாம்பு அடித்துவிட்டோம்.

நான் அப்போது ஜாபர்கான்பேட்டையில் ஒரு கீழ்த்தள வீட்டில் குடியிருந்தேன். அடையாறு அங்கிருந்து கூப்பிடு தூரம். சாயங்காலமே கரண்ட் போய்விட்டது, டிவி இல்லை. ராத்திரி செல்போன் சிக்னலும் போய்விட்டது. கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடப்பட்டது என்று பிறகு அரசுத் தரப்பு சொன்னது. விட்டிருக்கலாம். எங்கள் தெருவுக்கு வந்த எச்சரிக்கை, மாடி வீட்டு அக்கா கதவைத் தட்டி, ‘ஏம்மா, உன் வாசல்ல தண்ணி ஏறுது, பெரியவரைத் தூக்கிட்டு மேல வா’ என்று கத்தியதுதான். மாமனாரை நாற்காலியோடு தூக்கினோம். ஃப்ரிட்ஜ் விடியும்போது மிதந்துகொண்டிருந்தது.

எங்கள் முடிச்சூரை மூழ்கடித்ததும் செம்பரம்பாக்கம்தானே? அதை நீங்கள் எழுதவே இல்லையே?
– ஒரு வாசகி, முடிச்சூர்

இல்லை அம்மா. உங்கள் கஷ்டத்தைக் குறைத்துப் பேசவில்லை, ஆனால் உங்கள் ஊருக்கு வந்தது வேறு தண்ணீர். அடையாறு ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளில் தொடங்கி முடிச்சூர், வரதராஜபுரம் வழியாக வருகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அதோடு சேருவது அதற்கும் கீழே, திருநீர்மலை பக்கம். உங்கள் பகுதி மூழ்கியதற்கு மேலே இருக்கும் ஏரிகள் நிரம்பி வழிந்ததும், சுருங்கிப்போன ஆறும், தண்ணீர் நின்ற தாழ்வான நிலத்துக்கெல்லாம் மனை அங்கீகாரம் கொடுத்ததும்தான் காரணம். எல்லாப் பழியையும் ஒரே ஏரியின் தலையில் கட்டினால், அந்த மனைகளுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். அவர்கள் ஒரே ஆட்சியில் இருந்தவர்களும் இல்லை.

நிவாரணப் பொட்டலங்களில் முதல்வர் படம் ஒட்டினார்களாமே?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

தன்னார்வலர்கள் கொண்டுவந்த வண்டிகளை மறித்து ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னதாகப் புகார் சொன்னவர்கள் ஏராளம். எங்களுக்குச் சோறு போட்டது ஸ்டிக்கர் இல்லாத பொட்டலம். அதைக் கொண்டுவந்தவர்கள் மீன்பிடிப் படகில் வந்த பையன்கள். எந்தக் குப்பம் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அதைவிட எனக்கு உறுத்தியது இன்னொன்று. நவம்பர் மழையிலேயே நகரம் தத்தளித்தபோது, ஆர்.கே. நகரில் வேனில் இருந்தபடி பேசிய முதல்வர் ஜெயலலிதா, இடுப்பளவு கஷ்டத்தில் இருந்தவர்களை ‘வாக்காளப் பெருமக்களே’ என்று அழைத்தார்.

பிரதமர் ஹெலிகாப்டரில் வந்து பார்த்தாரே, அதையும் குறை சொல்வீர்களா?
– ஒரு வாசகர், கோவை

அவர் பார்த்ததைக் குறை சொல்லவில்லை. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம், ஜன்னலுக்குள் வேறொரு காட்சியை ஒட்டிப் படம் வெளியிட்டுப் பிறகு அதை நீக்கியது. வெள்ளம் நிஜமாகவே கீழே இருந்தது, ஒட்டுவேலைக்கு அவசியமே இல்லை.

இவ்வளவு கோபம் இருந்தும் 2016-ல் அதே கட்சிதானே ஜெயித்தது? அப்படியானால் மக்கள் மன்னித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?
– ஒரு வாசகர், சேலம்

மாநிலத்தில் அ.தி.மு.க. 134 இடம் ஜெயித்தது. சென்னை நகரத்தின் 16 தொகுதிகளில் தி.மு.க. 10. தண்ணீர் ஏறிய தெருக்காரர்கள் அந்தக் கணக்கை உங்களைவிட நன்றாகப் போட்டார்கள். ஆனால் ஓட்டு என்பது வெள்ளத்துக்கு மட்டும் போடுவதில்லை, ரேஷன் அரிசிக்கும் சேர்த்துத்தான்.

2024-ல் விழுப்புரம் மாவட்டம் இருவேல்பட்டில் வெள்ளச் சேதம் பார்க்க வந்த அப்போதைய அமைச்சர் பொன்முடி மேல் சேறு வீசினார்களே, அது சரியா?
– ஒரு ஆசிரியை, திருவண்ணாமலை

சரியில்லை. ஒரு மனிதர் மேல் சேறு வீசுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் வீசியவர் எந்தக் கட்சி என்று ஆராய்ந்த நேரத்தில், அந்தச் சேறு எந்த வழியாக ஊருக்குள் வந்தது என்றும் ஆராய்ந்திருக்கலாம்.

ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்தார்கள். தென்பெண்ணைக் கரை முழுக்க மூழ்கியது. முன்னறிவிப்பு இல்லாமல் நள்ளிரவில் திறந்தார்கள் என்றது அ.தி.மு.க.; ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம், இது செம்பரம்பாக்கம் இல்லை என்றது தி.மு.க. அரசு. 2015-ல் யார் எந்தப் பக்கம் நின்று இதே வசனத்தைப் பேசினார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வரும், வீடு மூழ்காதவர்களுக்கு.

எச்சரிக்கை கொடுத்தார்கள் என்பதை நான் நம்புகிறேன். என் கேள்வி வேறு. ‘தென்பெண்ணையில் இத்தனை ஆயிரம் கன அடி நீர் திறக்கப்படுவதால் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.’ இப்படித்தான் வழக்கமான அறிவிப்பு இருக்கும். ஒரு லட்சம் கன அடி என்றால் என் வீட்டுத் திண்ணை நனையுமா, கூரை முங்குமா? பாதுகாப்பான இடம் எது? பள்ளிக்கூடமா, அதன் சாவி யாரிடம்? மாட்டை அவிழ்த்துவிட எத்தனை மணி நேரம் இருக்கிறது? இதைச் சொல்லாத அறிவிப்பை ஐந்து முறை அனுப்பினால் என்ன, ஐம்பது முறை அனுப்பினால் என்ன? அது அதிகாரியின் கோப்புக்குப் பயன்படும்.

நிவாரணம்தான் தருகிறார்களே, அதற்கு நன்றி சொல்லக்கூடாதா?
– ஒரு வாசகர், திருச்சி

சொன்னேனே. 2015-ல் குடிசைகளுக்கு 10,000, மற்ற வீடுகளுக்கு 5,000, கூடவே வேட்டி, சேலை, 10 கிலோ அரிசி. 2024-ல் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் ரேஷன் கார்டுக்கு 2,000. எங்கள் 5,000 ரூபாயில் பாதி, நனைந்த மெத்தைகளையும் பீரோவையும் தெருமுனைக்குத் தூக்கிப்போட்ட கூலிக்கே போனது. மீதியில் ஒரு கேஸ் அடுப்பு. மாமனாரின் ஓய்வூதியப் புத்தகத்துக்குப் பதில் புதியது வாங்க ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தோம். அங்கே ‘பழைய புத்தகத்தின் நகல் எங்கே?’ என்று கேட்டார்கள்.

உங்களை ஒரு நாள் முதல்வராக்கினால்?
– ஒரு சிறுமி, செங்கல்பட்டு

கரையோரத் தெரு ஒவ்வொன்றிலும் கரண்ட் கம்பத்தில் மூன்று கோடு போடச் சொல்வேன் கண்ணு. ஏரியில் இவ்வளவு திறந்தால் இந்தக் கோடு வரை, அவ்வளவு திறந்தால் அந்தக் கோடு வரை. பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும், சாவி யாரிடம் என்று எழுதிவைப்பேன். கரண்டும் சிக்னலும் போனால் தண்டோரா. மதகைத் திறக்க உத்தரவு போட்டவர் யார், எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை மறுநாளே பேப்பரில் போடச் சொல்வேன். அதற்குள் சாயங்காலம் ஆகி, என் பதவியும் போய்விடும்.